ஆடியும் கர்க்கடகமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்குளம் வட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பழைய ஆதாரங்களில், அதாவது சொத்துப் பத்திரங்களில், உள்ள தேதியைப் படித்துச் சொல்லும்படி வருகிறவர்கள், வந்த வேலை முடிந்த பின்னும் எழுந்து போகாமல், "அது கிடக்கட்டும், இந்த ஆடி அமாவாசை..." என்று தொடங்குவார்கள். ஆண்டுதோறும் ஆனி முடியும் சமயத்தில் இதே ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதி வைத்திருக்கிறேன்.

ஆடி என்றைக்குப் பிறக்கிறது? அதற்கு எத்தனை நாள்?

சூரியன் மிதுன ராசியை விட்டுக் கடக ராசியில் புகும் நாளே ஆடிப் பிறப்பு. இப்போதைய ஆங்கிலக் கணக்கில் அது ஜூலை 16 அல்லது 17ஆம் தேதியில் வருகிறது. ஆகஸ்ட் 16ஆம் தேதியை ஒட்டி மாதம் முடிகிறது. சூரியன் கடகத்தைக் கடக்க 31 நாளும் ஏறத்தாழப் பதினோரு மணி நேரமும் ஆகும். அந்தக் கூடுதல் மணி நேரம் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைப் பொறுத்து ஆடிக்குச் சில ஆண்டுகளில் 31 நாளும், சில ஆண்டுகளில் 32 நாளும் அமைகின்றன.

மார்கழிக்கு 29 நாளே வரும்போது ஆடிக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு. ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிடமிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஓட்டம் சற்று மெதுவாகிறது. ஆகவே ஆனியும் ஆடியும் நீள்கின்றன.

கர்க்கடகமும் ஆடியும் ஒன்றுதானா? எங்கள் ஆச்சி கர்க்கடகம் என்றுதான் சொல்வாள்.

ஒன்றுதான். கர்க்கடகம் என்றால் நண்டு. கடகம் என்பதும் அதுவே. மலையாளக் கணக்கில் சூரியன் நிற்கும் ராசியின் பெயரே மாதத்தின் பெயர். தமிழ்க் கணக்கில் மாதத்தின் பெயர் நட்சத்திரத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒரே சூரியனின் ஒரே ஓட்டத்தை அளப்பவை என்பதால், பெயர் வேறாக இருந்தாலும் மாதம் மாறுவதில்லை.

1956 நவம்பர் 1 வரை நம் வட்டங்கள் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. அரசுக் காகிதங்களில் எழுதப்பட்டது மலையாள மாதம். வீட்டில் பேசப்பட்டது பெரும்பாலும் தமிழ் மாதம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆச்சிமார் கர்க்கடகம் என்பதும், தோவாளைப் பக்கத்து ஆச்சிமார் ஆடி என்பதும் இன்றும் காதில் விழக்கூடியவைதான். தமிழே பேசும் நாஞ்சில் நாட்டு விவசாயியின் நாவிலும் மலையாள மாதம் ஒளிந்திருக்கிறது. பூ என்றால் இங்கே நெற்போகம். புரட்டாசியை ஒட்டி அறுக்கும் பூவுக்குக் கன்னிப்பூ என்றும், மாசியில் அறுக்கும் பூவுக்குக் கும்பப்பூ என்றும் அவர் சொல்கிறார். கன்னி என்பது புரட்டாசியின் மலையாளப் பெயர். கும்பம் என்பது மாசியின் பெயர்.

ஆடி என்பது ஒரு தேவமங்கையின் பெயர் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா?

பார்வதி இல்லாத நேரத்தில் ஆடி என்பவள் பாம்பாகி உள்ளே நுழைந்தாள், சாபம் பெற்று வேப்ப மரமானாள் என்று அந்தக் கதை போகிறது. அம்மனுக்கு வேப்பிலை ஏன் என்பதற்குச் சொல்லப்படும் அழகான கதை அது; அதிலிருந்து மாதத்தின் பெயர் வந்ததாகக் கொள்ள முடியாது. ஆஷாடம் என்பதன் தமிழ் வடிவமே ஆடி. பூராடம், உத்திராடம் என்ற இரு நட்சத்திரப் பெயர்களின் கடைசியில் நிற்கும் 'ஆடம்' அந்த ஆஷாடமேதான்: பூர்வ ஆஷாடம், உத்தர ஆஷாடம்.

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கொக்கி போடுவார்கள். சூரியன் கடகத்தில் நின்றால் முழுநிலவு நேர் எதிரே மகரத்தில்தான் நிற்க வேண்டும். மகரத்தில் பூராடம் இல்லை. உத்திராடத்தின் பிற்பகுதியும், திருவோணமும், அவிட்டத்தின் முற்பாதியும்தான் உண்டு. எனவே ஆடிப் பௌர்ணமி பூராடத்தில் அமையாது. ஆஷாடம் என்ற பெயர் முதலில் சந்திர மாதத்துக்கு உரியது. அந்த மாதத்தின் பௌர்ணமி சில ஆண்டுகளில் ஆனியிலும் சில ஆண்டுகளில் ஆடியிலும் விழும். தமிழில் அந்தப் பெயர் சூரிய மாதத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது. இது நேற்று நடந்த மாற்றமும் அன்று: சிலப்பதிகாரம் மதுரை எரிந்த நாளை ஆடித் திங்களின் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை என்று குறிக்கிறது.

ஆடி நாலாவது மாதமா, கடைசி மாதமா? பள்ளியில் ஒன்று சொல்கிறார்கள், பாட்டா ஒன்று சொல்கிறார்.

இருவரும் சரியாகவே சொல்கிறார்கள். சித்திரையில் தொடங்கும் தமிழ் ஆண்டில் ஆடி நான்காவது மாதம். மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு சிங்ஙம் ஒன்றாம் தேதி, அதாவது ஆவணி ஒன்றாம் தேதி தொடங்குகிறது. ஆகவே அந்தக் கணக்கில் கர்க்கடகம் பன்னிரண்டாவது மாதம், ஆண்டின் கடைசி. வட மலபாரில் ஒரு காலத்தில் கன்னி மாதத்தில் ஆண்டைத் தொடங்கினார்கள், அங்கே அது பதினொன்றாவது மாதமாக நின்றிருக்கும். நமக்கு அந்த வழக்கு இல்லை.

இந்த ஒரு விடையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகள் தாமே அவிழ்ந்துவிடும். ஆண்டின் நடுவில் நிற்கும் மாதத்துக்கு உரிய பழக்கங்களும், ஆண்டு முடிவில் நிற்கும் மாதத்துக்கு உரிய பழக்கங்களும் நம் ஊரில் ஒரே மாதத்தில் கலந்து கிடக்கின்றன.

பாட்டா வைத்திருந்த ஆதாரத்தில் '1097 கர்க்கடகம் 12' என்று இருக்கிறது. அது எந்த வருஷம்?

1922. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்ட வேண்டும். ஆனால் ஆவணி முதல் நாளிலிருந்து டிசம்பர் 31 வரையுள்ள தேதியானால் 824ஐத்தான் கூட்ட வேண்டும். ஆங்கில ஆண்டு மாறுவதற்கு முன்பே கொல்லம் ஆண்டு மாறிவிடுவதே காரணம். கர்க்கடகம் எப்போதும் 825 கூட்டும் பகுதியில் விழுவதால் அதில் குழப்பமே இல்லை. உங்கள் பாட்டாவின் ஆதாரம் 1922 ஜூலை கடைசி வாரத்தில் எழுதப்பட்டது.

குழப்பம் வருவது சிங்ஙத்தில்தான். 1200 கர்க்கடகம் 2025 ஆகஸ்டில் முடிந்தது. அதே ஆகஸ்ட் 17ஆம் தேதி 1201 பிறந்தது. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு கொல்லம் ஆண்டுகள் வருவதைக் கவனிக்காமல் ஓராண்டு தள்ளி எழுதிய ஒரு மூலப்பத்திரத்தை நானே திருத்தி எழுத வேண்டியிருந்தது. எழுதியவனும் நானே என்பதால் யாரையும் குறை சொல்ல வழி இல்லாமல் போயிற்று.

தமிழ் மாதப் பெயரையும் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதுவது தவறா?

தவறில்லை, நம் மாவட்டத்தின் வழக்கமே அதுதான். சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் அவதார நாளாகக் கொண்டாடப்படுவது கொல்லம் 1008, மாசி 20. ஆங்கிலக் கணக்கில் 1833 மார்ச். அங்கே ஆண்டு கொல்லம், மாதம் தமிழ்.

சில வருஷம் தமிழ்க் காலண்டரில் ஆடி 1 ஒரு நாளும், மலையாளக் காலண்டரில் கர்க்கடகம் 1 வேறு நாளும் வருகிறதே?

வரும். 2024இல் கேரளத்தில் ஜூலை 16ஆம் தேதி கர்க்கடகம் பிறந்தது. தமிழ்க் காலண்டர்களில் ஜூலை 17ஆம் தேதி ஆடி 1. இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, எந்த நேரத்துக்குள் சங்கராந்தி, அதாவது சூரியன் ராசி மாறுவது, நடந்தால் அந்த நாளையே முதல் நாளாகக் கொள்வது என்ற விதி. தமிழ் மரபில் சூரியன் மறைவதற்குள் நடந்தால் போதும். மலையாள மரபில் சூரிய உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது நண்பகல் கடந்து ஒரு மணியைச் சற்றுத் தாண்டும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். தாண்டினால் மறுநாள்தான் மாதப் பிறப்பு. இரண்டாவது, சங்கராந்தி நேரத்தையே வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வேறு வேறாகச் சொல்கின்றன; இடைவெளி சில மணி நேரம் வரை போகும். இந்த இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று ஈடுகட்டும் ஆண்டும் உண்டு, ஒரு நாளைத் தள்ளிவிடும் ஆண்டும் உண்டு. களியக்காவிளைச் சந்தையில் இரண்டு காலண்டரையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி ஆண்டு தவறாமல் எழும்.

ஆடி பீடை மாதமா? ஏன் கல்யாணம் வைப்பதில்லை?

பீடை என்பது நோயையும் துன்பத்தையும் குறிக்கும் சொல். மலையாளத்தில் இந்த மாதத்தைக் கள்ளக் கர்க்கடகம் என்றும் பஞ்சக் கர்க்கடகம் என்றும் ஏசுவார்கள். காரணம் வானத்தில் இல்லை, பானையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். வயலில் கன்னிப்பூ இன்னும் விளையவில்லை. கும்பப்பூ நெல் குதிரில் அடித்தட்டுக்கு வந்திருக்கும். கடலுக்குப் போக முடியாது. கூலி வேலை இல்லை. ஆண்டுக் கடைசி என்பதால் வீட்டில் இருப்பும் கடைசி. அந்த நிலையில் யார் பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்துவார்கள்?

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் சொல்லப்படும் காரணம் வேறு. ஆடியில் கருவுற்றால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். அந்த ஆடி அழைப்பு நாஞ்சில் நாட்டிலும் உண்டு. ஆனால் அது திருமணமானவர்களைப் பிரித்து வைப்பதற்கான காரணமே தவிர, திருமணம் நடத்தாமல் இருப்பதற்கான காரணமாகச் சரியாகப் பொருந்தவில்லை. பசியே முதற்காரணம் என்பது என் கருத்து.

கிறித்தவர்கள் ஆடியில் கல்யாணம் வைக்கலாமா?

வைக்கிறார்கள். மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் கிறித்தவர்கள். அவர்களுக்கு விலக்கான காலம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமும், கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலமும். ஆடிக் கடைசியில் வரும் ஆகஸ்ட் 15 கத்தோலிக்கருக்கு அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. ஆனாலும் மண்டபம் மலிவாகக் கிடைக்கும் என்று ஆடியில் தேதி குறிக்கப்போன ஒரு கிறித்தவக் குடும்பத்தில், பெண்ணின் ஆச்சி மட்டும் "ஆடி கழியட்டும்" என்று பிடிவாதமாக நின்றதை நான் கண்டிருக்கிறேன். தேதி ஆவணிக்குத்தான் போயிற்று.

ஆடி அமாவாசையும் கர்க்கடக வாவும் ஒன்றா?

ஒன்று. வாவு என்பது இங்கே அமாவாசை. அன்று முன்னோருக்கு இடும் பலி வாவுபலி. கிழக்கே உள்ளவர்கள் கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் இறங்கி எள்ளும் பச்சரிசியும் தர்ப்பையும் வைத்துத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். மேற்கே உள்ளவர்கள் குழித்துறையில் தாமிரபரணி ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். இது திருநெல்வேலித் தாமிரபரணி அன்று, நம் மலைகளிலிருந்து இறங்கித் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேரும் குழித்துறை ஆறு. மேற்கத்திய வீடுகளில் முந்தைய நாள் ஒரிக்கல் இருப்பது வழக்கம். ஒரு நேரம் மட்டும் அரிசிச் சோறு உண்பதையே அப்படிச் சொல்கிறார்கள்.

குழித்துறை நகராட்சி அந்தச் சமயத்தில் வாவுபலிப் பொருட்காட்சி நடத்துகிறது. பலியிட்டு ஈரத்துணியோடு கரையேறுகிறவர்கள், வீடு திரும்பும் வழியில் அரிவாளும் மண்சட்டியும் மரக்கன்றும் வாங்கிப் போவார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் பலா அப்படி வந்தது. தந்தைக்குப் பலியிட்ட கையோடு வாங்கிய கன்று. ஆடி மழையிலேயே நட்டதால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சமாயிற்று.

அன்றைக்குக் கன்னியாகுமரி அம்மன் கோயிலில் கிழக்கு வாசல் திறப்பார்கள் என்பது சரியா?

சரி. பகவதி அம்மன் கிழக்கு நோக்கி நின்றாலும் பக்தர்கள் நாள்தோறும் வடக்கு வாசல் வழியாகவே போகிறார்கள். கிழக்கு வாசல் ஆண்டில் ஐந்து வேளைகளில் மட்டும் திறக்கப்படும்: தை அமாவாசை, ஆடி அமாவாசை, வைகாசி விசாகம், நவராத்திரி விழாவின் நிறைவு, திருக்கார்த்திகை. அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதால் வாசலை அடைத்தார்கள் என்ற கதை எல்லாருக்கும் தெரிந்ததே. ஆடியில் அதே கோயிலில் அம்மனுக்குச் சந்தனக் களபம் சார்த்தும் ஆடிக் களபமும் நடக்கும்.

ஒரே ஆடியில் இரண்டு அமாவாசை வந்தால் எதில் பலியிடுவது?

இது கற்பனைக் கேள்வி அன்று. 2023இல் ஜூலை 17ஆம் தேதி, ஆடி முதல் நாளிலேயே ஓர் அமாவாசை. ஆகஸ்ட் 16ஆம் தேதி, மாத முடிவில் இன்னொன்று. கேரளத்தில் முதல் அமாவாசையைக் கர்க்கடக வாவாகக் கொண்டார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டாவதையே ஆடி அமாவாசையாகக் கொண்டார்கள். நம் மாவட்டத்தில் அண்ணன் ஜூலையிலும் தம்பி ஆகஸ்டிலும் பலியிட்ட குடும்பம் உண்டு.

அமாவாசைக்கு அமாவாசை இடைவெளி ஏறத்தாழ 29 நாள் 13 மணி நேரம். முதல் கேள்வியில் சொன்னபடி ஆடி 31 நாளுக்கும் மேல் நீள்வதால், மாதத்தின் தொடக்கத்திலேயே ஓர் அமாவாசை விழுந்தால் கடைசியில் மற்றொன்று விழ இடம் கிடைக்கிறது. எதைப் பின்பற்றுவது என்பதற்கு என் விடை எளிது: தந்தை எந்தக் கணக்கில் பலியிட்டாரோ அதே கணக்கில் இடுங்கள்.

ஆடிச் செவ்வாயில் பெண்கள் மட்டும் ஏதோ செய்கிறார்களே, ஆண்கள் பார்க்கக் கூடாதாம். அது என்ன?

ஔவை நோன்பு. 'தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி' என்று அதற்குரிய மாதங்களைச் சொல்லும் வழக்கு உண்டு. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் இது பழையது. செவ்வாய்க்கிழமை இரவு, வீட்டு ஆண்கள் உறங்கிய பின் அல்லது வெளியே அனுப்பப்பட்ட பின், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். பச்சரிசி மாவில் உப்பே சேர்க்காமல் தேங்காய் சேர்த்துப் பிசைந்து, பல வடிவங்களில் கொழுக்கட்டை பிடித்து அவிப்பார்கள். விளக்கேற்றி வைத்து, மூத்தவள் ஒருத்தி ஔவையின் கதையைச் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். கொழுக்கட்டை முழுவதையும் விடிவதற்குள் பெண்களே உண்டு தீர்க்க வேண்டும். கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் பங்கு இல்லை.

எனவே இந்த விடையில் உள்ளது முழுவதும் பிறர் சொல்லக் கேட்டதே. சிறுவயதில் ஒருமுறை கதவிடுக்கில் எட்டிப் பார்த்து அகப்பட்டுக்கொண்டேன். நான் கண்டது திரும்பி நின்ற ஆச்சியின் முதுகும் ஆவி பறந்த சருவமும்தான். வெளிப்படையாக நடக்கும் வழிபாட்டைக் காண விரும்பினால், தோவாளை வட்டத்தில் தாழக்குடியை அடுத்துள்ள ஔவையாரம்மன் கோயிலுக்கு ஆடிச் செவ்வாயில் போகலாம். பெண்கள் குடும்பத்தோடு வந்து அங்கேயே அடுப்புக் கூட்டிக் கொழுக்கட்டையும் கூழும் செய்து படைப்பார்கள்; அங்கே ஆண்களுக்குத் தடை இல்லை.

ஆடிப்பெருக்கு நமக்கும் உண்டா?

ஆடி 18ஆம் நாள் காவிரியில் புதுவெள்ளம் வருவதைக் கொண்டாடும் விழா அது. காவிரிப் படுகைக்கு உரியது. நம் ஆறுகளான பழையாறும் வள்ளியாறும் குழித்துறை ஆறும் ஆனி தொடங்கும்போதே பெருகிவிடும் என்பதால், ஆடி 18இல் தனியாக வரவேற்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. அண்மைக் காலத்தில் தொலைக்காட்சியைப் பார்த்துத் தாலிச்சரடு மாற்றுகிறவர்கள் உண்டு. செய்வதில் குற்றமில்லை.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்கிறார்களே, நம் வயலில் ஆடியில் விதைப்பு இல்லையே?

அந்தப் பழமொழி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நிலங்களுக்கானது. நமக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கின்றன. கன்னிப்பூவைச் சித்திரை, வைகாசியில் விதைத்து ஆவணி, புரட்டாசியில் அறுக்கிறோம்; கும்பப்பூவைப் புரட்டாசி, ஐப்பசியில் போட்டு மாசியில் அறுக்கிறோம். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து கன்னிப்பூவுக்காகப் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் தண்ணீர் திறப்பார்கள். ஆகவே ஆடியில் நம் வயல் விதைப்பை எதிர்பார்த்துக் கிடப்பதில்லை. கதிர் விடத் தொடங்கியிருக்கும், முந்திப் போட்ட இடங்களில் முற்றவும் தொடங்கியிருக்கும்.

நிறைபுத்தரிசி ஆடியிலா, ஆவணியிலா?

நாள் ஆண்டுதோறும் முகூர்த்தம் பார்த்துக் குறிக்கப்படுவதால், ஆடிக் கடைசியிலும் வரலாம், ஆவணித் தொடக்கத்திலும் வரலாம். முந்தைய விடையில் சொன்ன அந்த முதற்கதிர்களைக் கட்டாக அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பூசை செய்து, பக்தர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதே நிறைபுத்தரிசி. சுசீந்திரத்திலும், கன்னியாகுமரியிலும், நாகர்கோவில் நாகராஜா கோயிலிலும் நடக்கும். வாங்கி வந்த கதிரை நிலைப்படிக்கு மேல் செருகி வைப்பார்கள். அடுத்த ஆண்டுக் கதிர் வரும்வரை அது அங்கேயே இருக்கும், இடையில் அணில் கண்டுபிடிக்காமல் இருந்தால்.

ஆடிக்காற்றில் கடலுக்குப் போகலாமா? மீன்பிடித் தடை எப்போது முடிகிறது?

மாவட்டத்தில் நீங்கள் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் இதில் அடங்கும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் இதில் அடங்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். மேற்கே தடை முடிவது ஆடியின் நடுவில். ஆகஸ்ட் தொடக்கத்தில் குளச்சலில் படகுகள் இறங்கும்போதுதான் மீன் விலை சற்று மூச்சு விடும்.

நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும் காற்றும் அலையும் விடுவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவது. ஆடியில் அந்தச் சாலையில் இருசக்கர வண்டி ஓட்டியவர்களுக்கு அம்மி பறக்கும் பழமொழிக்கு உரை தேவையில்லை.

கர்க்கடகக் கஞ்சியில் என்ன இருக்கிறது? அந்த மாதம் ராமாயணம் வாசிப்பது ஏன்?

நவரை அரிசியோடு வெந்தயம், சுக்கு, சீரகம், உளுந்து போன்றவற்றையும் சில பச்சிலைகளையும் சேர்த்துக் காய்ச்சும் மருந்துக்கஞ்சி அது. மழைக்காலத்தில் செரிமானம் மந்தமாகும், உடல் சோரும் என்பதால் எளிதில் செரிப்பதாகவும் சூடு தருவதாகவும் உண்பார்கள். கடைகளில் இப்போது பொட்டலமாகக் கிடைக்கிறது.

மேற்குப் பகுதியில் மலையாளம் படிக்கத் தெரிந்த வீடுகளில் எழுத்தச்சனின் அத்தியாத்ம ராமாயணத்தைக் கர்க்கடகம் முதல் நாள் தொடங்கிக் கடைசி நாளில் முடிப்பார்கள். வேலை இல்லாத, வெளியே போக முடியாத, மனம் சோரும் மாதத்துக்கு விளக்கேற்றி வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது நல்ல துணை.

குளச்சல் போர் ஆடியிலா நடந்தது?

ஆம். மார்த்தாண்டவர்மா டச்சுப் படையை வென்றது 1741 ஆகஸ்ட் 10, கொல்லம் 916 கர்க்கடகம். அன்று ஆடிப் பிறப்பு இப்போதையதைவிட நான்கு நாளளவு முந்தி வந்தது. அப்படிப் பார்த்தாலும் அது ஆடிக்குள்தான் விழுகிறது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார்; அவரது கல்லறை புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. போரின் நினைவாகக் குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது.

ஆடியில் தட்சிணாயனம் தொடங்குகிறது என்கிறார்கள். சூரியன் ஜூன் 21லேயே திரும்பிவிடுகிறதே?

வானத்தில் நடப்பதன்படி நீங்கள் சொல்வதே சரி. நம் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்து அளக்கப்படுபவை. பருவங்களோ சூரியனின் வடக்கு தெற்கு ஓட்டத்தை வைத்து வருபவை. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடுகிறது. முந்தைய விடையில் வந்த நான்கு நாள் வேறுபாடும் இதனால்தான். 1,700 ஆண்டுகளுக்கு மேல் முன்பு சூரியன் திரும்பும் நாளும் ஆடி முதல் நாளும் ஒன்றாகவே இருந்தன. வழிபாட்டில் அந்தப் பழைய கணக்கே தொடர்கிறது.

நாகராஜா கோயிலில் மண்ணே பிரசாதம். அந்த மண் தட்சிணாயனமான ஆடி முதல் மார்கழி வரை கறுப்பாகவும், உத்தராயணமான தை முதல் ஆனி வரை வெள்ளையாகவும் இருக்கும் என்பது நம்பிக்கை. சிலர் அந்தக் கோயிலுக்கு ஆடி ஞாயிறுதான் விசேஷம் என்று நினைத்து வருகிறார்கள். அது ஆவணி ஞாயிறு.

ஓணம் ஆவணியில்தானே? ஒரு வருஷம் ஆடியிலேயே அத்தப்பூ போட்டோமே?

திருவோணம் சிங்ஙத்தில்தான். ஆனால் பூக்கோலம் தொடங்கும் அத்தம் அதற்கு ஒன்பது நாள் முந்தியே வருவதால், சிங்ஙத்தின் முதல் வாரத்தில் திருவோணம் விழுந்தால் அத்தம் கர்க்கடகத்துக்குள் போய்விடும். 2021இல் திருவோணம் ஆகஸ்ட் 21, அத்தம் ஆகஸ்ட் 12. கல்யாண மாலைக் கட்டு இல்லாமல் மந்தமாகக் கிடக்கும் தோவாளைப் பூச்சந்தை அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஆடி முடியும் முன்பே விழித்துக்கொள்ளும்.

ஆடி அறுதி என்றால் என்ன? அன்றைக்கு ஏன் வீட்டைக் கழுவுகிறார்கள்?

அறுதி என்றால் முடிவு. ஆடியின் கடைசி நாளே ஆடி அறுதி. தமிழ்க் கணக்கில் அது ஒரு மாதத்தின் கடைசி நாள், அவ்வளவே. கொல்லக் கணக்கில் ஆண்டின் கடைசி நாள். அதனால்தான் தென் திருவிதாங்கூர் முழுவதும் அதற்கு இவ்வளவு மரியாதை. கிழிந்த பாயையும், உடைந்த சட்டியையும், தேய்ந்த துடைப்பத்தையும் சேர்த்து, மூதேவியாகிய சேட்டை போகட்டும் என்று வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் எறிவார்கள். பிறகு தரை மெழுகி அல்லது கழுவி, சீதேவி வரட்டும் என்று விளக்கேற்றுவார்கள்.

எங்கள் தாயார் புதுத் துடைப்பத்தை ஆடி அறுதிக்கு முந்தைய வாரமே வாங்கிவிடுவாள்; ஆனால் சிங்ஙம் ஒன்றாம் தேதி காலைவரை அதைத் தொட விடமாட்டாள். பழையதைத்தான் எறிந்தாயிற்றே, இன்று மாலை எதை வைத்துப் பெருக்குவது என்று கேட்டால், "இன்றைக்குப் பெருக்கியாயிற்று" என்பதோடு முடித்துவிடுவாள்.